கதையில் வரும் ஹாஜியார்

நம்மவர் எழுதும் சிறுகதைகளில் ஒரு ஹாஜியார் தவறாமல் வருவார். ஒன்று, ஐவேளைத் தொழுகையும் தான தருமமுமாய், சினமே அறியாத புனிதராயிருப்பார். அன்றேல், தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே ஏழையின் வீட்டை எழுதி வாங்கும் கொடியவராயிருப்பார். இவர் எந்த வகை என்பது முதல் பத்தியிலேயே வாசகர்க்கு விளங்கிவிடுகிறது. விளங்கிய பின் எஞ்சிய பக்கங்களை அவர் ஏன் புரட்ட வேண்டும்?

இக்குறையை எண்ணும்போதெல்லாம், எகிப்தின் நஜீப் மஹ்ஃபூழ் படைத்த அஹ்மத் அப்துல் ஜவாத் நினைவுக்கு வருகிறார். 1956, 1957 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொடர் நாவல்களின் குடும்பத் தலைவர் இவர். கெய்ரோவின் பழைய வீதியில் காப்பிக்கொட்டையும் அரிசியும் சவர்க்காரமும் விற்கும் வணிகர். வீட்டில் இவர் குரல் கேட்டால் பிள்ளைகள் நடுங்குவர். இரவிலோ, பாடகிகளின் அவையில் மது அருந்தி, கையில் தஃப் ஏந்தித் தாளமிடுவார். விடிந்தால் உள்ளம் உருகத் தொழுவார். அத்தொழுகை பொய்யன்று, மூன்றும் அவருக்கு மெய்யே. நம் எழுத்தாளர் கையில் அகப்பட்டிருந்தால் இவரை நயவஞ்சகர் என்று இரண்டே வரியில் தீர்ப்பெழுதியிருப்பார். மஹ்ஃபூழ் தீர்ப்பெழுதவில்லை, அவரை நடமாட விடுகிறார்.

அவர் மனைவி அமீனா, வீட்டைவிட்டு வெளியேறாதவர். கணவர் வெளியூர் சென்ற ஒரு நாள், பிள்ளைகள் சொல்கேட்டு ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் செல்கிறார். திரும்பும் வழியில் மோட்டார் மோதிக் காறையெலும்பு முறிகிறது. செய்தியறிந்த கணவர் சீறவில்லை. வைத்தியரை அழைக்கிறார், குணமாகும்வரை பொறுக்கிறார். எலும்பு கூடி அமீனா எழுந்ததும், தாய் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்! அந்தப் பொறுமை அன்பா, கொடுமையா? இரண்டும் ஒரே நெஞ்சில் பிறந்தவை என்பதாலன்றோ அவரை நாம் நம்புகிறோம்.

தொழுகிற மனிதனின் பாவத்தை எழுதுவது தீனுக்கு இழுக்கல்லவா என்று பெரியோர் வினவுவதுண்டு. புறக்கணிக்கத் தக்க வினாவன்று அது. பாவத்தை இனிப்பாக்கி விற்பவர்களும் இருக்கிறார்களே! ஆயினும் ஹிஜ்ரி 516இல் மறைந்த ஹரீரியின் மகாமாத் நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்பட்டுவரும் கிதாபு. அதில் அபூ ஸைத் ஸரூஜி, ஸன்ஆ நகரில் மரணத்தை நினைவூட்டிக் கூட்டத்தை அழவைத்துப் பணம் பெறுகிறார். பின்தொடர்ந்து சென்று பார்த்தால், ஒரு குகையில் வெண்ணிற ரொட்டியும் பொரித்த ஆட்டுக்குட்டியும் மதுச்சாடியும்! ஐம்பதாவது மகாமாவில் அவரே பஸராப் பள்ளிவாசலில் மக்களிடம் துஆச் செய்யக் கேட்கிறார். ஏமாற்றும் எண்ணத்தோடு நின்றவர், உண்மையான தவ்பாவோடு திரும்புகிறார். முதல் மகாமாவின் குகை இல்லையேல் இறுதியின் தவ்பாவுக்கு என்ன பெறுமதி? சொல்வளத்துக்காகவே இந்நூலைப் படிக்கும் மாணவர், இக்கிழவரின் உள்ளத்தையும் சற்றுக் கவனிக்கலாம்.

மஹ்ஃபூழிடம் குறையில்லாமலில்லை. பாத்திரங்களின் எண்ணங்களைச் சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி விளக்குகிறார். செயலே பேசிய பின் ஆசிரியரும் பேசுவது மிகை. ஆனால் காலத்தைக் கையாள்வதில் அவர் வல்லவர். 1919 எழுச்சியின்போது மகன் ஃபஹ்மி ஊர்வலத்தில் சுடப்பட்டு இறக்க, தந்தை கேளிக்கை இரவுகளிலிருந்து ஒதுங்குகிறார். அத்தோடு திருந்திவிட்டார் என்று முடித்திருந்தால் அது உபதேசக் கதையாகியிருக்கும். அவர் மீண்டும் அங்கே போகிறார். இம்முறை முதுமையும் உடன் போகிறது. மூன்றாம் நாவலில் அவர் நோயுற்று வீட்டோடு ஒடுங்குகிறார். அமீனாவோ இப்போது நாள்தோறும் ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் சென்று வருகிறார். ஒரு காலத்தில் அமீனா வீதியை நோக்கிக் காத்திருந்த அதே பலகணியருகே, இப்போது கணவர் அமர்ந்து, அவர் திரும்பும் வழியைப் பார்த்திருக்கிறார்.