துளைக்காமல் சொத்தை எடுத்தல்: ஜெல், கைக்கருவி, வெள்ளிச் சொட்டு

பற்சொத்தை எனாமலைக் கடந்து டென்டீனுக்குள் இறங்கியபின் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. மேலடுக்கு ஈரமாகவும் நசநசப்பாகவும் கிருமிகள் மொய்த்தும் கிடக்கும். அதன் கொலாஜன் இழைகள் சிதைந்துவிட்டதால் அது இனி மீளாது. அடியில் உள்ள அடுக்கு சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிந்திருந்தாலும் இழைச்சட்டகம் குலையாமல் நிற்கும். கிருமிகளுக்கு இரை போய்ச் சேராமல் தடுத்துவிட்டால் அது மறுபடி கெட்டிப்படும். இந்த இரண்டு அடுக்குகளின் வேறுபாட்டை 1970களில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுசாயாமா. சுழலும் ட்ரில்லுக்கு இந்த வேறுபாடு தெரியாது. கெட்டதோடு சேர்த்துப் பிழைக்கக்கூடியதையும் அது அரைத்துவிடும். மென்மையான முறைகள் அனைத்தும் பிறந்த இடம் இதுதான்.

ட்ரில்லைக் குறை சொல்வது எளிது, ஆனால் அது வந்த காலத்தில் பெரிய முன்னேற்றம். அமெரிக்கரான ஜி. வி. பிளாக் வகுத்த பழைய விதிப்படி, சொத்தை பிற்பாடு பரவக்கூடிய இடங்களையும் முன்கூட்டியே வெட்டிவிட வேண்டும். குழியை அடைக்கப் பயன்பட்ட வெள்ளி அமால்கம் பல்லோடு ஒட்டாது என்பதால், அது கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளவும் நல்ல பல்லைக் குடைந்தாக வேண்டியிருந்தது. 1957-இல் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய ஏரோட்டர், நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுகள் வரை சுழன்று இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்தது. வேகத்துக்கு விலையும் இருந்தது. கீச்சென்ற ஒலி, அதிர்வு, மரத்துப்போகச் செய்யும் ஊசி, பல்லின் நரம்புள்ள பற்கூழை நெருங்கும் ஆபத்து ஆகிய நான்கும் சேர்ந்து, குழந்தைகளைப் பல் மருத்துவ நாற்காலியிலிருந்தே விரட்டின.

இந்த அச்சம் பெருங்கடவிளை போன்ற ஊர்களில் வேறொரு சிக்கலோடு சேர்ந்துகொள்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கும் பாறசாலைக்கும் அருகே உள்ள பகுதி இது. பல் சிகிச்சைக்கு நெய்யாற்றின்கரைக்கோ பாறசாலைக்கோ போகலாம். பெரிய சிகிச்சை என்றால் 1959 முதல் இயங்கும் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அப்பால் குலசேகரத்திலும் ஒரு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. ஆக, மருத்துவர் இல்லாத ஊர் என்று சொல்ல முடியாது. ஆனால் ரப்பர் பால்வெட்டுக்கோ ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்கோ போகும் ஒரு தாய்க்கு, பிள்ளையின் பாற்பல்லை அடைக்க இரண்டு மூன்று முறை அலைவது அத்தனை நாள் கூலியை இழப்பதாகும். எப்படியும் விழப்போகிற பல்தானே என்று நாள் தள்ளிப்போகும். இரவில் பிள்ளை அழுது கன்னம் வீங்கியபின் போனால், பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது. காலத்துக்கு முன்பே கடைவாய்ப் பாற்பல் போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் முளைக்கும் நிலைப்பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

ட்ரில்லுக்கு மாற்றாக முதலில் பேர் வாங்கியது வேதி முறை. சோடியம் ஹைப்போகுளோரைட்டை அமினோ அமிலத்தோடு சேர்த்துச் சிதைந்த கொலாஜனைக் கரைக்கலாம் என்று 1970களில் அமெரிக்காவில் கோல்ட்மன், குரோன்மன் ஆகியோர் கண்டனர். அதிலிருந்து 1980களின் நடுவில் காரிடெக்ஸ் என்ற திரவம் சந்தைக்கு வந்தது. அதைச் சூடாக்கிப் பம்பு வைத்துப் பீய்ச்ச வேண்டும், ஒரு பல்லுக்கே நூற்றுக்கணக்கான மில்லிலிட்டர் செலவாகும், நேரமும் மிகுதி என்பதால் அது நிலைக்கவில்லை. 1998-இல் சுவீடனிலிருந்து வந்த காரிசால்வ் அதையே ஜெல்லாக மாற்றி, அதற்கென்றே வடித்த கைக்கருவிகளையும் சேர்த்துக்கொடுத்தது. முறை தேறியது, விலை எட்டவில்லை. 2003-இல் பிரேசிலில் சாண்ட்ரா புசடோரி குழுவினர் பப்பாளிப் பாலில் உள்ள பப்பேய்ன் நொதியைக் கொண்டு பப்பாகேரி என்ற ஜெல்லை உருவாக்கினர். சென்னை நிறுவனம் ஒன்று, பப்பேய்னோடு கிராம்பெண்ணெயும் சேர்த்து கேரி-கேர் என்ற பெயரில் தயாரித்த ஜெல், இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. முற்றிய ஆட்டுக்கறியைக் காய்ப்பப்பாளி மென்மையாக்குவதும் இதே நொதியால்தான். நல்ல திசுவில் இத்தகைய நொதிகளை முடக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் உண்டு. சொத்தைத் திசுவில் அது இல்லாததால் பப்பேய்ன் அங்கே மட்டும் வேலை செய்கிறது என்பது இம்முறையை ஆதரிப்போர் தரும் விளக்கம்.

செய்முறை எளிது. பஞ்சுருளை வைத்து எச்சிலைத் தடுத்து, குழியில் ஜெல்லை நிரப்பி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விடுகிறார்கள். தெளிவாக இருந்த ஜெல் கலங்கத் தொடங்கும். கரண்டி போன்ற முனையுள்ள மழுங்கிய கைக்கருவியால், அழுத்தாமல், ஊசல் ஆடுவதுபோல் இருபுறமும் வழித்தால் மசிந்த சொத்தை ஜெல்லோடு வந்துவிடும். மறுபடி ஜெல் வைக்க வேண்டும், மறுபடி வழிக்க வேண்டும். புதிதாக வைத்த ஜெல் கலங்காமல் நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். அடித்தளம் கண்ணாடிபோல் மினுங்கும். பிறகு கழுவி கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைப்பார்கள். பெரும்பாலும் ஊசி தேவைப்படுவதில்லை. குழந்தைகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் ட்ரில்லைவிட வலியும் பதற்றமும் குறைவு என்ற முடிவு திரும்பத் திரும்ப வந்துள்ளது. இதை ஐயுற இடமில்லை.

குறைகளும் அதே அளவு உறுதியானவை. ட்ரில்லைவிட ஜெல்லுக்கு நேரம் கூடுதலாகத் தேவை, பல ஆய்வுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். எனாமலை ஜெல் தொடாது. குழிவாய் சிறியதாக இருந்தாலும், இரு பற்களுக்கு இடையே சொத்தை ஒளிந்திருந்தாலும், வழி திறக்க ட்ரில் வந்தே தீரும். பப்பாளியோ ரப்பர் பாலோ ஒவ்வாதவர்களுக்குப் பப்பேய்ன் ஆகாது; ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வாயருகே வருவதற்கு முன்பே கேட்டறிய வேண்டிய செய்தி இது.

இவற்றைவிட அடிப்படையான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஜெல் உருவானபோது, கிருமி படிந்த மென்திசு முழுவதும் வெளியேற வேண்டும் என்பதே நம்பிக்கை. அந்த நம்பிக்கை பின்னர் தளர்ந்தது. அமெரிக்காவில் மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழுவினர், சொத்தையை உள்ளேயே விட்டு மேலே இறுக மூடிய பற்களைப் பத்து ஆண்டுகள் கவனித்து 1998-இல் முடிவை வெளியிட்டனர். மூடி கசியாதவரை சொத்தை முன்னேறவில்லை. 2016-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட பரிந்துரை, ஆழமான குழியில் பற்கூழுக்கு மேலே உள்ள மென்மையான டென்டீனை விட்டுவிடலாம், விளிம்புகளை மட்டும் கெட்டியான பல் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும் என்றது. இப்படிப் பார்த்தால் ஜெல்லின் தனிச்சிறப்பே பாதி தேவையற்றதாகிறது. எதை எடுப்பது என்பதைவிட எதை விடலாம், விட்டதை எப்படி மூடுவது என்பதே முடிவான கேள்வி. அதற்கு விலையுயர்ந்த ஜெல் வேண்டியதில்லை.

இதை ஏழை நாடுகளின் அனுபவம் முன்னதாகவே காட்டியிருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த யோ ஃப்ரென்கன் 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் ட்ரில்லும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையை வழித்து ஒட்டும் சிமெண்டால் அடைக்கும் முறையைத் தொடங்கினார். 1994-இல் வாய்நலத்தை மையமாகக் கொண்ட உலக சுகாதார நாளில் உலக சுகாதார நிறுவனம் அதை முன்னிறுத்தியது. சிமெண்ட் பல்லோடு வேதிப்பிணைப்பால் ஒட்டுவதால் பிடிப்புக்காக நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை. அது ஃபுளூரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடும். பள்ளித் திண்ணையில் பெஞ்சைப் போட்டுக்கூடச் செய்யலாம். பெருங்கடவிளைப் பகுதியின் தொடக்கப் பள்ளிகளுக்கு ஜெல்லைவிட இதுவே பொருந்தும் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் இம்முறை எல்லாக் குழிக்கும் பொருந்தாது. பாற்பல்லின் ஒரே பரப்பில் உள்ள குழியில் இந்த அடைப்பு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 93 விழுக்காடு தாங்கியதாகத் தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. இரண்டு மூன்று பரப்புகளில் பரவிய குழியில் அது 62 விழுக்காட்டுக்கு இறங்கியது. பள்ளிகளில் நடத்தும் முகாமில் வரிசை நீளமாக இருக்கும்போது எச்சிலைச் சரியாகத் தடுக்காமலும் சிமெண்டை நீர்க்கக் கலந்தும் அடைத்தால் அதுவும் தங்காது. அடைப்பு விழுந்த பிள்ளையின் தாய் அடுத்த முகாமுக்கு வரமாட்டார். மென்மையான முறை என்பதால் திறமை குறைவாக இருந்தாலும் போதும் என்று நினைப்பதே இம்முறைக்கு நேரும் பெரிய கேடு. பரவிய குழிகளுக்கு ஸ்காட்லாந்தின் நார்னா ஹால் கையாண்ட வழி மேலானது: சொத்தையை எடுக்காமல், ஊசி போடாமல், எஃகுத் தொப்பியைப் பாற்பல்மேல் அழுத்தி ஒட்டுவது. வெள்ளிப்பல் தெரிகிறதே என்ற குறை உண்டு, பல் நிலைக்கிறது.

இன்னும் எளியது வெள்ளி டயமின் ஃபுளூரைடு. ஜப்பானில் 1970 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்த இது, 2021-இல் கிளாஸ் அயனோமர் சிமெண்டோடு சேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறியது. பல்லை உலர்த்தி, நுண்தூரிகையால் 38 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு சொட்டைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது, ஃபுளூரைடு டென்டீனைக் கெட்டிப்படுத்துகிறது. பாற்பல் சொத்தைகளில் ஐந்தில் நான்கு பங்கு இதனால் அடங்குவதாகத் தொகுப்பாய்வு கூறுகிறது. சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். உதட்டிலோ விரலிலோ பட்ட கறை சில நாளில் மறையும். பல்லின் கறுப்பு மறையாது. முன்பல் கறுத்த பிள்ளையை வகுப்பில் கேலி செய்வார்கள். கறுத்த பல்லின் படத்தைத் தாயிடம் முதலிலேயே காட்டி, அவர் சம்மதித்தபின் மட்டுமே தடவுவது முறை. கறுப்பைப் பற்றிச் சொல்லாமல் தடவிவிட்டு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்று விடுவது மருத்துவ நெறிக்குப் புறம்பு. ஆண்டுக்கு இருமுறை தடவினால் பலன் கூடும் என்பதால், ஒருநாள் முகாமோடு முடியும் ஏற்பாட்டில் இதன் வலிமை வீணாகும். பள்ளியில் பிள்ளையின் பெயர், பல், தடவிய நாள் மூன்றையும் எழுதிய பதிவேடு வேண்டும்.

இம்முறைகள் எதுவும் கைகொடுக்காத பற்களைப் பிரித்தறிவதும் சிகிச்சையின் பகுதியே. இரவில் தானாக வலி எழும் பல், ஈறில் சீழ்க்கட்டி தோன்றிய பல், விழும் காலத்துக்கு முன்பே ஆட்டம் கண்ட பல் ஆகியவற்றில் பற்கூழ் ஏற்கெனவே கெட்டிருக்கும். அவற்றின்மேல் ஜெல்லோ சொட்டோ சிமெண்டோ வைத்தால் வீக்கம் உள்ளேயே வளரும். எக்ஸ்ரே எடுக்க முடியாத முகாமில், பெற்றோரிடம் இரவு வலியைப் பற்றி விசாரித்து, ஈறைத் தொட்டுப் பார்த்து, ஐயம் இருந்தால் கை வைக்காமல் நெய்யாற்றின்கரைக்கோ கல்லூரிக்கோ சீட்டு எழுதி அனுப்ப வேண்டும்.