அமைச்சராக்கினோம்; பிறகு?

தமிழக அரசின் சமூகநலத் திட்டங்களுக்கு இடப்பட்ட பெயர்களைத் தோழர்கள் ஒருமுறை உற்று நோக்கட்டும். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று முழங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி. 1927இல் சென்னை மாகாண மேலவையில் முதற் பெண் உறுப்பினராய் அமர்ந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் பெயரில் மகப்பேறு உதவி. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் தையல் இயந்திரம். மணம், மகப்பேறு, தையல்! மனுவும் இதைத்தானே சொன்னார்? சிறை கண்டவரையும் சபை கண்டவரையும், நன்றியின் பெயரால், மீண்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் அமர்த்தியிருக்கிறோம்.

தையல் இயந்திரம் ஏழைப் பெண்ணின் பிழைப்புக்கு வழி, அதனை இகழோம். இராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவி 2022இல் பெண்களின் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டதை மனமார வரவேற்கிறோம். நாம் கேட்பது வேறு. அரசியலில் வாழ்ந்த ஒரு பெண்ணின் அரசியலை நாம் எப்போது பேசப்போகிறோம்? வாழ்த்துரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. ஆய்வுரைதான் வரவில்லை.

1923இல் பிறந்தவர் சத்தியவாணிமுத்து. தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்று ஊர் ஒதுக்கிய மக்களிலே பிறந்து, 'அன்னை' என்னும் ஏட்டை நடத்தியவர். குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து 1953இல் கழகம் தொடுத்த போரில் சிறை புகுந்தார். 1957இல் பெரம்பூர்த் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். 1962இல் தோல்வி. 1967இல் மீண்டும் வெற்றி. அண்ணா அமைத்த ஒன்பதுபேர் அமைச்சரவையில் ஒரே பெண் அவர். ஆண்டாண்டுகாலம் அடுப்பங்கரையிலும் சேரியிலும் ஒருசேர அடைபட்டுக் கிடந்த இனத்திலிருந்து ஒருவர் கோட்டையில் அமர்ந்த அந்த நாள் சிறிய நாளன்று. மேடையிலே நாம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம், கைதட்டலும் பெற்றோம்.

ஆனால் அவருக்குக் கொடுத்த துறைகள் எவை? அரிசன நலமும் செய்தியும். தாழ்த்தப்பட்டவர் அமைச்சரானால் தாழ்த்தப்பட்டோர் நலம், பெண் அமைச்சரானால் பெண்கள் நலம் என்று காங்கிரசு போட்ட தடத்திலேயே நம் வண்டியும் சென்றது. மாணவர் விடுதி, படிப்புதவி, வீட்டுமனை ஆகியவை அந்தத் துறையின் பணிகள். பயனுள்ள பணிகளே. ஆனால் சேரியின் துயரத்துக்கு வேர் எங்கே? நிலத்தில், கூலியில், காவல்நிலையத்தில். இம்மூன்றும் அத்துறையின் கையில் இல்லை.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத்தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். ஆட்சி நம்முடையது. நிகழ்விடத்துக்கு அண்ணா அனுப்பிய அமைச்சர் இருவர்: பொதுப்பணித்துறை அமைச்சர் கருணாநிதி, சட்ட அமைச்சர் மாதவன். மாண்டவர்கள் எந்த மக்களோ அந்த மக்களின் நலத்துக்கென்றே ஒரு துறை, அதற்கு அம்மக்களிலேயே பிறந்த ஓர் அமைச்சர். ஆயினும் நெருப்பைத் தடுக்கவோ, நெருப்பிட்டவனைப் பிடிக்கவோ, கூலியை உயர்த்தவோ அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டா? நலத்துறை என்பது காயத்துக்குக் கட்டுப்போடும் துறை. கத்தியைப் பிடுங்கும் துறைகள் வேறு கைகளில் இருந்தன.

1971இல் உளுந்தூர்ப்பேட்டையில் வென்று மீண்டும் அமைச்சராய் இருந்தவர், 1974இல் விலகினார். அண்ணாவுக்குப் பின் கழகத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு உரிய இடமில்லை என்று குற்றஞ்சாட்டித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். துரோகம் என்று தூற்றியவர் பலர். தூற்றுவது எளிது; விடை சொல்வதன்றோ கடினம்! அவர் விலகியது சரியா என்பது ஒரு வழக்கு, அவர் கேட்டது சரியா என்பது வேறு வழக்கு. முதல் வழக்கில் தீர்ப்பளித்த அவசரத்தில் இரண்டாவதை நாம் விசாரிக்கவே இல்லை.

அம்மையாரிடமும் குறையுண்டு, மறைப்பானேன்? மூன்றே ஆண்டில், 1977இல், அந்தப் புதுக்கட்சி அ.தி.மு.க.வில் கரைந்தது. எதற்காகத் தனிக்கொடி பிடித்தாரோ அந்தக் கேள்வியும் அதனோடு கரைந்தது. அவ்வாண்டே பெரம்பூரில் தோற்றார். 1978இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1979 ஆகஸ்டில் சரண்சிங் அமைச்சரவையில் சேர்ந்து, திராவிட இயக்கக் கட்சிகளிலிருந்து நடுவண் அமைச்சரான முதல் இருவரில் ஒருவரானார். ஆனால் அவர் சேர்ந்த வேகத்திலேயே அந்த ஆட்சி பதவி விலகிக் காபந்து அரசாகிவிட்டது. 1999இல் மறைந்தார். எந்தக் கட்சியில் இருந்தபோதும் அவருக்குக் கிடைத்தது நாற்காலியே. நாற்காலிகளைப் பங்கிடும் இடத்தில் அவருக்கு நாற்காலி இருந்ததா?

காங்கிரசைக் கடிந்து பேசும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1957இல் குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமனிடம் காமராசர் ஒப்படைத்தது உள்ளாட்சித் துறையை. ஊராட்சிகளுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது அக்காலத்தில்தான். இதைப் பள்ளியில் சொன்னபோது பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி, "அப்ப ஊராட்சியிலே பெண்கள் இருந்தாங்களா சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. மூன்றிலொரு பங்கு உறுதியாகி, அதன்படி 1996இல் தேர்தல் நடப்பதற்குள் இன்னும் நாற்பதாண்டு கழிந்தது. 2016இல் அப்பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது.

பாதி! காதுக்கு இனிய சொல். ஆனால் 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே பார்த்தது. வழக்கும் பதிவாயிற்று. சத்தியவாணிமுத்து கோட்டையில் அமர்ந்து அரைநூற்றாண்டு கடந்த பின்னர் நடந்தது இது.

செஞ்சிச் சாலையில் உள்ள எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்கு வருவோம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2025 சனவரியில் முடிந்தது. அந்த ஐந்தாண்டில் ஓர் ஊராட்சியின் கிராமசபையில் நாம் கண்டதைச் சொல்வோம், ஊர்ப்பெயர் வேண்டாம். தலைவர் பெண். பேசியவர் அவர் கணவர். பதாகையிலும் அவர் படமே பெரிது. அரைமணி நேரம் ஆனதும், நூறுநாள் வேலைக்குப் போகும் மூதாட்டி ஒருவர் எழுந்து, "நான் ஓட்டுப் போட்டது அந்தப் பொண்ணுக்கு. அது சொல்லட்டும்" என்றார். தலைவர் எழுந்து குடிநீர்க் கணக்கைப் படித்தார். கேட்ட கேள்விகளுக்குத் தாளைப் பார்க்காமலே விடை சொன்னார். அதுவரை அவரைப் பேசவிடாதிருந்தது அறியாமை காரணமாக அன்று என்பது அன்று ஊருக்கே தெரிந்தது.

அத்தகைய பெண்ணுக்கு அடுத்த படி எது? கீழ்பென்னாத்தூர்ச் சட்டமன்றத் தொகுதி 2008ஆம் ஆண்டுச் சீரமைப்பில் பிறந்தது. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றவர்கள் ஆண்கள். 2021இல் தமிழகம் முழுவதிலும் 234 இடங்களில் பெண்கள் வென்றவை 12. இடையில் ஒரு பெண் பல்லாண்டு முதலமைச்சராயிருந்தாரே என்பார் சிலர். இருந்தார். அதனால் ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் பதவிகள் பெண்களிடம் வந்தனவா? வேட்பாளர் பட்டியலுக்கு முதல் வரைவு எழுதப்படுவது அந்த மேசைகளில்தான். தோழர்கள் தத்தம் மாவட்டக் கழக அலுவலகத்துக்குச் சென்று, சுவரில் தொங்கும் பொறுப்பாளர் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கட்டும். மகளிரணி என்ற வரியை விட்டுவிட்டுப் படிக்கட்டும்.