வணிகக் கல்வியும் பகுதிநேர விரிவுரையாளரும்: ஒரு விமர்சன நோக்கு

தொழிலோடு நெருங்கிய உறவு கொண்ட கல்வி நெறிகளுள் மருத்துவம், சட்டம், வணிகம் ஆகிய மூன்றும் ஒருங்குவைத்து நோக்கத்தக்கன. மருத்துவ மாணவருக்குப் போதனா வைத்தியசாலை உண்டு. நோயாளரின் படுக்கையருகே நின்று விளக்கும் வைத்திய நிபுணர் தமது தொழிலைச் செய்துகொண்டே கற்பிக்கிறார். சட்ட மாணவருக்கு நீதிமன்றம் உண்டு. வழக்குகள் பலரறிய விசாரிக்கப்படுகின்றன, தீர்ப்புகள் அச்சேறுகின்றன. வணிக மாணவருக்கோ இத்தகைய வாயில் எதுவும் இல்லை. வங்கியொன்றில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் கூட்டத்தில் அவர் அமர முடியாது. ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபை எடுத்த முடிவு ஆண்டறிக்கையில் இடம்பெறலாம். அம்முடிவுக்கு முன்னர் எழுந்த ஐயங்களும் வாதங்களும் அதில் இடம்பெறுவதில்லை. தொழிற்களத்துக்கு மாணவர் செல்ல இயலாதவிடத்து, தொழில் செய்பவரை விரிவுரை மண்டபத்துக்கு அழைத்துவருதல் தவிர்க்க முடியாததாகின்றது.

பகுதிநேர விரிவுரையாளர் தோன்றும் இடம் இதுவே. இலங்கையில் வருகைதரு விரிவுரையாளர் எனப் பெரிதும் வழங்கப்படும் இவர் பட்டயக் கணக்காளராகவோ, வங்கி அதிகாரியாகவோ, கம்பனியொன்றின் சந்தைப்படுத்தல் முகாமையாளராகவோ இருக்கலாம். இவரை அழைப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் கூறும் நியாயம் வலுவானது. ஆயின் அந்நியாயம் ஒன்றாகவும், இவரை அமர்த்தும் முறை வேறொன்றாகவும் இருக்கின்றன. அனுபவத்தை வேண்டி அழைக்கும் பல்கலைக்கழகம், நடைமுறையில் மணித்தியாலங்களை மட்டுமே விலைகொடுத்து வாங்குகின்றது. இம்முரண்பாட்டின் விளைவுகள் ஆராயத்தக்கன.

அமெரிக்க அனுபவம்

இப்பிரச்சினையோடு நெடுங்காலம் போராடியவை ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களாகும். ஆதலின் அவற்றின் அனுபவத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமுடையது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881இல் வார்ட்டன் கல்லூரி நிறுவப்பட்டது. ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1908இல் தனது வணிகக் கல்லூரியைத் தொடங்கியது. அங்கு 1910களின் தொடக்கத்தில் 'வணிகக் கொள்கை' என்னும் பாடநெறி நடத்தப்பட்ட முறை ஈண்டு குறிப்பிடத்தக்கது. வணிகர் ஒருவர் முதல் வகுப்புக்கு வந்து தமது நிறுவனம் எதிர்நோக்கிய உண்மையான பிரச்சினையொன்றை எடுத்துரைத்தார். மாணவர் வினவியவற்றுக்கு விடையளித்தார். அடுத்த வகுப்பில் மாணவர் தத்தம் ஆய்வையும் தீர்வையும் எழுத்திற் சமர்ப்பித்தனர். அவற்றைப் படித்த வணிகர் மீண்டும் வந்து அவர்களோடு விவாதித்தார். 1919இல் பீடாதிபதியாகப் பொறுப்பேற்ற வாலஸ் டொனம் காலத்தில் வேரூன்றிய நிகழ்வாய்வு முறைக்கு இதுவும் ஒரு முன்னோடி எனலாம்.

இம்முறையில் வெளியிலிருந்து வந்தவர் சொற்ப நேரமே செலவிட்டார். எனினும் அவரது வருகைக்கு முன்னும் பின்னும் மாணவர் செய்யவேண்டிய வேலை திட்டமிடப்பட்டிருந்தது. அவர் கொணர்ந்த பிரச்சினை பாடமாக மாறியது. மாணவரது எழுத்து அவரிடம் திரும்பிச் சென்றது. அனுபவம் பயன்பட்டமைக்குக் காரணம் அவரது பெருமையன்று. அதனை ஏற்றுப் பாடமாக்கக் கல்லூரி செய்திருந்த ஏற்பாடே காரணமாகும்.

பின்வந்த தசாப்தங்களில் அமெரிக்காவில் வணிகக் கல்வி விரைந்து பெருகியது. தரம் அதனோடு ஒப்பப் பெருகவில்லை. 1959இல் இரு பேரறிக்கைகள் வெளிவந்தன. ஃபோர்ட் மன்றத்தின் ஆதரவில் கோர்டன், ஹவெல் என்போர் எழுதியது ஒன்று. கார்னகி நிதியத்தின் ஆதரவில் பியர்சன் எழுதியது மற்றொன்று. வணிகப் பாடங்கள் தொழிற்பயிற்சிக் குறிப்புகளாகச் சுருங்கிவிட்டன எனவும், அவற்றுக்கு ஆய்வு அடிப்படை தேவை எனவும் இவ்வறிக்கைகள் வற்புறுத்தின. அதன்பின் பொருளியல், புள்ளிவிவரவியல், உளவியல் ஆகிய துறைகளில் தேர்ச்சியும் கலாநிதிப் பட்டமும் உடையோர் பீடங்களில் முதன்மை பெற்றனர்.

தராசின் ஒரு தட்டு உயர்ந்தபோது மற்றது தாழ்ந்தது. வணிகக் கல்லூரி நடைமுறையிலிருந்து விலகிவிட்டது என்ற குற்றச்சாட்டு 1988இல் போட்டர், மக்கிபின் ஆகியோரது ஆய்வில் எழுந்தது. 2004இல் ஹென்றி மின்ஸ்பேர்க் எழுதிய நூலும், 2005இல் வோறன் பெனிஸ், ஜேம்ஸ் ஓட்டூல் இருவரும் எழுதிய கட்டுரையும் அதனை மேலும் கூர்மையாக்கின. ஆய்வாளர் நிறைந்த பீடத்தில் நடைமுறை அறிவுக்கு இடமளிக்க எளிதான வழியாகக் கிடைத்தவர் பகுதிநேர விரிவுரையாளரே. அவர் குறைந்த செலவிலும் கிடைத்தார் என்பது மறக்கற்பாலதன்று. கல்வி நோக்கமும் செலவுக் கணக்கும் ஒரே விடையைத் தரும்போது, அவ்விடை எந்நோக்கத்துக்காக ஏற்கப்பட்டது என்பது மறைந்துவிடுகின்றது.

வணிகக் கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஏஏசிஎஸ்பி அமைப்பு 1916இல் நிறுவப்பட்டது. அது 2013இல் வகுத்த தரநியமங்கள் கற்பிப்போரைப் 'பங்குபற்றுவோர்' எனவும் 'துணைநிற்போர்' எனவும் இருவகைப்படுத்தின. ஒரு கல்லூரியின் கற்பித்தலில் நூற்றுக்கு 75 வீதமேனும், ஒவ்வொரு துறையிலும் நூற்றுக்கு 60 வீதமேனும் பங்குபற்றுவோரால் நிகழ்தல் வேண்டும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. இப்பாகுபாடு முழுநேரம், பகுதிநேரம் என்ற அடிப்படையில் அமையவில்லை. பாடத்திட்டம் வகுத்தல், மாணவருக்கு வழிகாட்டல், பீடத்தின் முடிவுகளில் இடம்பெறல் முதலியவற்றில் ஒருவர் பங்குகொள்கின்றாரா என்பதே அதன் உரைகல்லாகும். குறை நேரத்தின் சுருக்கத்தில் இல்லை, உறவின் சுருக்கத்திலேயே உள்ளது என்பதை அங்கீகார அமைப்பே இவ்வாறு ஏற்றுக்கொண்டிருக்கின்றது.

ஒரு பெயர், இருவர்

பகுதிநேர விரிவுரையாளர் என்ற பெயரின் கீழ் இருவேறு மனிதர் மறைந்திருக்கின்றனர். முதலாமவர் வேறொரு நிறுவனத்தில் நிலையான பதவி வகிப்பவர். கற்பித்தலால் வரும் கொடுப்பனவு அவரது சீவனத்துக்கு இன்றியமையாததன்று. மாணவரோடு பழகும் மகிழ்ச்சியும், கற்பிக்கும்போது தமது தொழிலையே புதிதாகக் காணும் வாய்ப்பும் அவரை ஈர்க்கின்றன. இரண்டாமவர் பட்டம் பெற்று நிரந்தரப் பதவிக்காகக் காத்திருக்கும் இளைஞர். திங்களன்று ஒரு நிறுவனம், புதனன்று மற்றொன்று, வார இறுதியில் இன்னொன்று என மணித்தியாலங்களைச் சேர்த்தே அவர் மாத வருமானத்தை ஆக்குகின்றார். விடுமுறைக் காலத்தில் அவருக்கு வருமானம் இல்லை. அடுத்த பருவத்தில் பாடம் கிடைக்குமா என்ற உறுதியும் இல்லை.

முதலாமவருக்குரிய நியாயத்தைக் காட்டி இரண்டாமவரை அமர்த்துவதே இம்முறையின் அடிப்படைக் குறைபாடாகும். 'அவருக்கு வேறு தொழில் உண்டு. மணித்தியாலக் கொடுப்பனவு போதும்' என்ற வாதம் வங்கி அதிகாரிக்குப் பொருந்தலாம். அத்தொழிலே இல்லாத இளைஞருக்கு அது எங்ஙனம் பொருந்தும்? 'தொழில் அனுபவத்தைக் கொணர்கின்றார்' என்ற பெருமையும் இவ்விளைஞருக்கு உரியதன்று. அவர் கொணர்வது நல்ல பட்டத்தையும் உழைக்கும் ஆர்வத்தையுமே. அவை மதிக்கத்தக்கன; ஆயினும் அவற்றுக்கு நிரந்தர விரிவுரையாளருக்குரிய மதிப்பு அளிக்கப்படுதல் வேண்டும். பெயர் ஒன்றாயிருத்தலால் இவ்வேறுபாடு எண்ணிக்கைகளில் தோன்றுவதில்லை.

முதலாமவரும் இம்முறையால் முழுப் பயன் விளைவிப்பதில்லை. விரிவுரைக்கு மட்டுமே கொடுப்பனவு எனின், ஆயத்தம் செய்தற்கும் மாணவரது ஐயம் தீர்த்தற்கும் செலவாகும் நேரம் அவரது சொந்த நட்டமாகின்றது. அதனால் அவரும் பாடநூலையே திறக்கின்றார். அழைக்கப்பட்ட காரணம் வாயிலிலேயே விடப்படுகின்றது.

அனுபவம் பாடமாதல்

அனுபவம் என்பது தொழிற்கதைகளின் தொகுப்பன்று. ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கணக்கியல் மாணவர் ஐயக்கடன் ஏற்பாட்டினைத் தொடக்கத்திலேயே கற்கின்றார். கடன்பட்டோர் மீதியில் நூற்றுக்கு ஐந்து வீதம் எனப் பயிற்சி வினாவில் தரப்பட்டிருக்கும். அவர் பெருக்கிக் கழித்து விடை காண்கின்றார். அவ்வைந்து வீதம் எங்கிருந்து வந்தது என்பது வினாவிற் கேட்கப்படுவதில்லை. தொழிற்களத்தில் கேட்கப்படும் வினா அது ஒன்றே.

2018இல் நடைமுறைக்கு வந்த ஒன்பதாம் இலக்க நிதி அறிக்கையிடல் நியமம், நிகழ்ந்துவிட்ட இழப்பை மாத்திரமன்றி எதிர்பார்க்கப்படும் இழப்பையும் கணிக்குமாறு வேண்டுகின்றது. எதிர்பார்ப்பு என்பது தீர்மானத்தைச் சார்ந்தது. 2022 ஏப்ரிலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்தியபோது, அதுவரை இழப்பு அச்சம் குறைந்தவை எனக் கருதப்பட்ட அரச பிணைகளுக்கே வங்கிகள் இழப்பு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. எத்தகவலை நம்புவது, எவ்வளவு ஒதுக்குவது, அதனை ஏற்க மறுக்கும் முகாமையுடன் கணக்காய்வாளர் எவ்வாறு வாதிடுவது ஆகிய வினாக்களுக்கு நேரில் முகங்கொடுத்தவர், எந்நூலும் தராத ஒன்றை மாணவருக்குத் தரமுடியும்.

ஆயின் அவர் அதனைத் தருவதற்கு மாணவர் நியமத்தை முன்னரே கற்றிருத்தல் வேண்டும். அவரது கூற்றைக் கோட்பாட்டோடு இணைத்துக் காட்ட ஒருவர் வேண்டும். அவ்வினாவைப் பரீட்சையிலும் கேட்கும் துணிவு துறைக்கு இருத்தல் வேண்டும். பழைய வினாத்தாளின் ஐந்து வீதமே மீண்டும் வருமாயின், விரிவுரையில் கேட்ட அனுபவத்தை மாணவர் பொழுதுபோக்காகவே கொள்வர். அவர்மீது குற்றமில்லை.

இலங்கைச் சூழல்

அமெரிக்க அறிக்கைகள் வெளிவந்த 1959ஆம் ஆண்டிலேயே இலங்கையில் பட்டயக் கணக்காளர் நிறுவகம் சட்டத்தின்வழி அமைக்கப்பட்டது. முகாமைத்துவக் கல்வியில் முன்னின்ற வித்தியோதயப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டிலேயே தொடங்கியது. அது பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. 1974இல் வளாகமாகத் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் இயங்குகின்றது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வணிகப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் தனியார் நிறுவனங்களும் நகரங்களிற் பெருகியுள்ளன. பகுதிநேரக் கற்பித்தலுக்கான வாய்ப்பு இவற்றால் விரிந்துள்ளது. வாய்ப்பின் தன்மை அவ்வாறு விரியவில்லை.

தலைநகருக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மேலதிக இடர்ப்பாடு உண்டு. பெருங்கம்பனிகளின் தலைமையகங்களும் பங்குப் பரிவர்த்தனையும் கொழும்பிலேயே உள்ளன. நெடுந்தொலைவிலிருந்து வருபவர் வார இறுதியில் பல மணித்தியால விரிவுரைகளை ஒருங்கே நடத்தித் திரும்புவாராயின், கேட்டதைச் சிந்தித்து மறுவினா எழுப்ப மாணவருக்கு இடைவெளி இல்லை. அதே வேளையில் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளரும், மீன் ஏற்றுமதியாளரும், அரிசி ஆலை உரிமையாளரும் அண்மையிலேயே இருக்கின்றனர். பட்டமில்லாமையால் அவர்கள் விரிவுரையாளராக அழைக்கப்படுவதில்லை. ஹாவார்டின் பழைய முறையில் வணிகரிடம் வேண்டப்பட்டது ஓர் உண்மைப் பிரச்சினையே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மொழியும் கருத்திற் கொள்ளற்பாலது. தொழிற்களத்தின் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால் ஆனது. பாடசாலையில் மாணவர் கற்ற கணக்கியல் ஐந்தொகை, பேரேடு, பெறுமானத் தேய்வு என்னும் தமிழ்ச் சொற்களால் ஆனது. இவ்விரண்டுக்குமிடையே பாலமிடும் பணி ஓரிரு தினங்கள் வந்து செல்பவரால் இயலாது. அது நிரந்தர விரிவுரையாளரின் கடனாகும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, இருவகைப் பகுதிநேரத்தாரையும் பல்கலைக்கழகங்கள் வேறுபடுத்துதல் வேண்டும். ஆண்டுதோறும் அதே பாடத்துக்கு அதே இளைஞர் தேவைப்படுவாராயின், அது நிரந்தரப் பதவியொன்று வெற்றிடமாக உள்ளது என்பதற்கான சான்றாகும். அதனை மணித்தியாலங்களால் நிரப்புதல் நேர்மையன்று. இரண்டாவதாக, கொடுப்பனவு ஆயத்தத்தையும் திருத்தலையும் மாணவர் சந்திப்பையும் உள்ளடக்குதல் வேண்டும். மூன்றாவதாக, தொழிலிலிருந்து வருபவரிடம் முழுப் பாடநெறியையும் ஒப்படைப்பதைவிட, நிரந்தர விரிவுரையாளர் ஒருவருடன் அவரை இணைத்துச் சில வகுப்புகளைத் திட்டமிடுதல் பயனுடையது. நான்காவதாக, அவர் எடுத்துரைக்கும் பிரச்சினை பெயர்கள் நீக்கப்பட்டுத் தமிழில் நிகழ்வாய்வாக எழுதப்படுதல் வேண்டும். அவர் சென்ற பின்னரும் அது துறையின் உடைமையாக நிலைக்கும்.

நிதிப் பற்றாக்குறை இவற்றுக்குத் தடையாகக் கூறப்படலாம். அது மெய்யே. எனினும் மூன்றாவதும் நான்காவதும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. உழைப்பையும் ஒழுங்கையுமே வேண்டுவன. தொழில் அனுபவமுடையோருக்கு நேரமில்லை என்பாரும் உளர். முழுப் பருவத்துக்கும் ஒரே விரிவுரைக் குறிப்பை ஒப்பிக்க நேரமுள்ளவருக்கு, ஒரு பிரச்சினையைக் கூறிப் பின்னர் மாணவரது விடைகளோடு வாதிட நேரம் இராது எனல் பொருந்தாது.

வணிகம் கற்பிக்கும் பீடம் தனது சொந்தக் கணக்கையும் ஒருமுறை சரிபார்த்தல் தகும். செலுத்திய மணித்தியாலங்கள் அதில் பதியப்படுகின்றன; பெறத் தவறிய அனுபவமும், உறுதியற்ற நிலையில் கழியும் இளம் ஆசிரியரது ஆண்டுகளும் எப்பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. பதியப்படாத செலவு இல்லாத செலவாகிவிடாது என்பது கணக்கியலின் முதற்பாடங்களுள் ஒன்றாகும்.