கூலியும் மதிப்பும்

பொருட்பங்கீடா, அங்கீகாரமா என்று நான்சி பிரேசரும் ஆக்செல் ஹொன்னத்தும் வாதிடும் ஆங்கில நூல் 2003இல் வெளிவந்தது. கூலிக் கோரிக்கையும் மதிப்புக் கோரிக்கையே என்கிறார் ஹொன்னத். பிரேசர் மறுக்கிறார்: வங்கி அதிகாரியே ஆயினும் கறுப்பினத்தவருக்கு வாடகைக் கார் நிற்பதில்லை, அவரிடம் இல்லாதது பணமன்று. ஆலை மூடப்பட்டு வேலையிழந்த வெள்ளைத் தொழிலாளி இழந்ததோ இனமதிப்பன்று. குறை இரண்டு; உரைகல் ஒன்று: பொதுவாழ்வில் அனைவரும் சமமாகப் பங்கேற்க முடிகிறதா?

பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் மாணவியரின் முக்காட்டைத் தடுப்பது இவ்வுரைகல்லில் தேறாது என்பது அவர் கருத்து. சட்டமோ 2004இல் தடையையே நிலைநாட்டியது.

பொது விவாதம் தீர்மானிக்கட்டும் என்கிறார் பிரேசர். விவாத அவையில் சம இருக்கை பெறவே முதலில் சமத்துவம் வேண்டுமே! இம்முடிச்சை அவர் அறிவார்; அவிழ்க்கவில்லை. எனினும், பசித்தவனுக்குப் புகழுரையும் இகழப்பட்டவனுக்கு அரிசியும் நீதியாகா என்பதை இந்நூல் ஐயமற உணர்த்துகிறது.