கண்ணும் கதவும்

கதையை நாவலிலும் சிறுகதையிலும் மட்டும்தான் தேட வேண்டும் என்று யாரும் விதி செய்து வைக்கவில்லை. நாடகத்தில் இருக்கிறது, சினிமாவில் எப்போதாவது இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டிலும் இருக்கிறது என்று சில இளைஞர்கள் என்னிடம் வாதாடினார்கள். இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் அதைக் கதையாகவே எடைபோட வேண்டும். “விளையாட்டுதானே ஸார்” என்று பின்னால் சலுகை கேட்கக் கூடாது.

இந்த நிபந்தனையோடு ‘ஸ்கைரிம்’ என்கிற விளையாட்டைப் பற்றிச் சொல்ல வருகிறேன். 2011 நவம்பரில் அமெரிக்காவில் பெதஸ்டா என்ற கம்பெனி வெளியிட்டது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்ற வரிசையில் ஐந்தாவது. ஆடுகிறவன் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பனி மூடிய ஒரு கற்பனை ராஜ்யத்தில் தன் இஷ்டத்துக்கு அலையலாம். நான் ஆடியதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான் அதிகம். என் விரல்கள் இந்தக் காரியத்துக்கு உதவவில்லை. கதையைக் கவனிக்க அது ஒருவகையில் சௌகரியமாகவே இருந்தது.

அந்த ராஜ்யத்தின் வடகோடியில், வின்டர்ஹோல்டில், ஒரு மந்திரக் கல்லூரி இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நம் நாயகனையும் மற்ற மாணவர்களையும் ஒரு கிழ ஆசிரியர் ஸார்தால் என்ற இடிபாட்டுக்கு அழைத்துப்போகிறார். பூமிக்கடியில் ஒரு பெரிய ஒளிக்கோளம் அகப்படுகிறது. மாக்னஸின் கண் என்று அதற்குப் பெயர். அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோதே அதைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லூரி மண்டபத்தில் வைத்துவிடுகிறார்கள். பண்டிதர்கள் சுற்றி நின்று அதிசயிக்கிறார்கள். அன்கானோ என்று ஒருவன், அயல் அரசு ஒன்றின் ஆள், கல்லூரிக்கு ஆலோசகன் என்ற பெயரில் வந்து குந்தியிருக்கிறான். அவனுடைய கண் இந்தக் கண்ணின்மேல் விழுகிறது. மிச்சத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் இன்னொரு கூட்டமும் உண்டு. ஸைஜிக் சபை என்று பெயர். மந்திரவாதிகளில் மிகப் பழையவர்கள், மிக ரகசியமானவர்கள். ஆர்டேயம் என்ற தீவில் வசிக்கிறார்கள். வேண்டாம் என்று தோன்றினால் தீவையே உலகத்திலிருந்து அப்புறப்படுத்திவிடுவார்கள். ஒரு சமயம் ஐந்நூறு வருஷம் அது காணாமல் போயிருந்தது என்று விளையாட்டுக்குள்ளே கிடைக்கிற புஸ்தகங்கள் சொல்லுகின்றன. இந்தச் சபையைச் சேர்ந்த துறவிகள் திடீரென்று தோன்றுவார்கள். காலம் நின்றுவிடும். நாயகனிடம் மட்டும் இரண்டு வார்த்தை எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியில் அன்கானோ கண்ணின் சக்தியைக் கையில் எடுக்கிறான். கல்லூரித் தலைவர் ஸாவோஸ் ஆரன் சாகிறார். நாயகன் ஒரு பழைய பாழ்நகரத்துக்குப் போய் மாக்னஸின் கோலைக் கொண்டு வந்து அன்கானோவை முடிக்கிறான். முடித்த கையோடு ஸைஜிக் துறவிகள் வருகிறார்கள். இந்தக் கண் இங்கே இருப்பது ஆபத்து, உலகம் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்கிறார்கள். கண்ணோடு மறைந்துபோகிறார்கள். நாயகனுக்குக் கல்லூரித் தலைமைப் பதவி கிடைக்கிறது. மந்திரம் சரியாகத் தெரியாதவனுக்குக்கூட அந்தப் பதவி கிடைத்துவிடும் என்று ஆடுகிறவர்களே கேலி செய்கிறார்கள். அந்தக் கேலி நியாயமானது, ஆனால் அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் வேறு. ஒரு பொருள் மிகவும் ஆபத்தானது என்று வைத்துக்கொண்டால், அதை என்ன செய்வது என்ற கேள்விதான் கதை. சண்டை அல்ல. அந்தக் கண்ணைக் கல்லூரியிலேயே வைத்து ஆராயலாம். எடுத்த இடத்திலேயே புதைத்து மூடலாம். அழிக்க வழி தேடலாம். இந்தத் துறவிகளிடமே கொடுத்தும் விடலாம். நாலில் எதைச் செய்தாலும் செய்கிறவன் மனசு வெளியே தெரிந்துவிடும். அதைத் தெரியப்படுத்தத்தான் கதை எழுதுகிறோம். ஸ்கைரிமில் அந்த முடிவை நாயகனிடம் யாரும் கேட்பதே இல்லை. எல்லாம் தெரிந்த ஒரு ரகசியச் சபை வந்து சாமானை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த உத்தி நாவலாசிரியர்களுக்கும் தெரிந்ததுதான். கடைசி அத்தியாயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பணக்கார மாமாவை வரவழைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. மாமாவுக்கு அங்கி போட்டுவிட்டால் ஸைஜிக் துறவி.

உலகம் தயாராக இல்லை என்று அவர்கள் சொல்லுகிறார்களே, அதை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். யார் தீர்மானித்தது? எந்த அளவுகோலால்? எப்போது தயாராகும்? ரகசியமாக இருக்கிற ஒரு கூட்டம் இப்படிச் சொன்னால், கேட்கிறவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். கதாசிரியனுக்காவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்கள் நல்லவர்கள் என்று கதை முடிவுகட்டிவிட்டது. அன்கானோ கெட்டவன், ஆகையால் அவன் கையில் கண் இருக்கக் கூடாது. இவர்கள் நல்லவர்கள், ஆகையால் இருக்கலாம். இவ்வளவுதான் இதிலிருக்கிற சிந்தனை.

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் டோல்கீன். இப்படிப்பட்ட விளையாட்டுகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அவருக்குக் கடன்பட்டவை என்பதால் ஒப்பிடுவதில் தவறில்லை. மோதிரத்தைப் பற்றிய அவருடைய பெருங்கதையின் முதல் பாகம் 1954ல் வந்தது. அதில் ரிவென்டெல்லில் ஒரு சபை கூடுகிறது. நீண்ட அத்தியாயம், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். மோதிரத்தைக் கடலில் எறிந்துவிடலாமா, கடலுக்கு அப்பால் அனுப்பிவிடலாமா, டாம் பாம்படில் என்கிற அந்த விசித்திரமான ஆசாமியிடம் கொடுத்துவிடலாமா என்று ஒவ்வொன்றாகப் பேசி ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள். பாம்படிலிடம் கொடுத்தால் அவன் மறந்துபோய் எங்கேயாவது போட்டுவிடுவான் என்று ஒரு காரணம். எனக்கு மிகவும் பிடித்த காரணம் அது. காண்டால்ஃபிடம் ஃப்ரோடோ மோதிரத்தை நீட்டியபோதே அவர் பயந்து மறுத்துவிட்டவர். நல்லவனாக இருப்பதனாலேயே தன்னிடம் அது இருக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஞானி அவர். ஸைஜிக் துறவிகளில் ஒருவருக்காவது அந்தப் பயம் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டை முதலில் கட்டியவர்களுக்கு இந்த விஷயம் ஓரளவு புரிந்திருந்தது. காரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் செய்த ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ல் வந்தது. 1976ல் வந்த அதன் துணைப் புஸ்தகம் ஒன்றில் வெக்னா என்ற செத்த மந்திரவாதியின் கையும் கண்ணும் மந்திரப் பொருள்களாக வருகின்றன. அந்தக் கையை உபயோகிக்க வேண்டுமானால் ஆடுகிறவன் தன் கையை வெட்டிக்கொண்டு இதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். குரூரமான கற்பனை, ஆனால் கற்பனை. சக்திக்கு விலை உண்டு, விலையை உன் உடம்பிலிருந்து கொடு என்கிறது. 1979ல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கைப்புஸ்தகத்தில் இப்படிப்பட்ட பெரும் பொருள்களின் சக்தி என்ன என்ற இடத்தில் வெற்றுக் கோடுகள்தான் இருக்கும். ஆட்டத்தை நடத்துகிறவனே நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆட வருகிறவன் புஸ்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து வைத்துக்கொண்டு பயமில்லாமல் வந்துவிடக் கூடாது என்பது ஏற்பாடு. அச்சில் விட்ட ஒரு வெற்றிடம் இவ்வளவு வேலை செய்ய முடியும் என்பது எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

ஸ்கைரிமை ஆக்கியவர்களுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. அதே கல்லூரிக் கதைக்கு உள்ளேயே சாட்சி இருக்கிறது. கோலைத் தேடிப் போகிற பாழ்நகரம் லாபிரிந்தியன். நாயகன் நடந்து போகப் போக, வழியில் ஆவிகள் பேசிக்கொள்வது கேட்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஆறு மாணவர்கள் துணிச்சலும் பேராசையுமாக அங்கே நுழைந்த காட்சி. அவர்களில் ஒருவர் ஸாவோஸ் ஆரன், அப்போது இளைஞர். ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். உள்ளே மோரோகெய் என்ற கொடிய பூசாரி. அவனைக் கொல்ல முடியவில்லை. ஸாவோஸ் தன் சிநேகிதர்கள் இரண்டு பேரை மந்திரத்தால் கட்டி, அவனைச் சிறைப்படுத்தும் காவலாக அங்கேயே நிறுத்திவிட்டு, தான் மட்டும் வெளியே ஓடிவந்து கதவை அடைத்தவர். நாயகன் போகிறபோது அந்த இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஆபத்தைப் பூட்டிவைப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உருவம் எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டு வகையில் குறைவு. பூட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. ஆள் சிநேகிதனாக இருந்தான். பூட்டியவன் அப்புறம் பெரிய மனிதனானான்; கல்லூரித் தலைவனானான்; ஒருவரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை பார்க்கும்போது அவரைச் சற்று மந்தமான, தயங்குகிற கிழவராகத்தான் நினைத்திருந்தோம். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் செத்த பிறகு நமக்குத் தெரிகிறது. இது நாவலாசிரியனின் வேலை. நல்ல வேலை. இதை ஒரு சுரங்க வழியில், ஆடுகிறவன் எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, காதில் விழுந்தும் விழாமலும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முன்வாசலில் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது ஒன்றும் இழக்காத ஸைஜிக் சபை.

ஆட்டத்தை நன்றாக அறிந்த ஒரு நண்பர் எனக்குச் சமாதானம் சொன்னார்: கண் கல்லூரியிலேயே இருந்தால் அப்புறம் விளையாட்டு முழுக்க அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், ஆடுகிறவன் இன்னும் நூறு மணி நேரம் ஆடப்போகிறான், அதனால் சாமானை மேடையைவிட்டு எடுத்தாக வேண்டும் என்று. சரி, காரணம் புரிகிறது. தச்சனுக்கு மரம் போதவில்லை என்பதும் காரணம்தான். அதற்காக நாற்காலி ஆடாமல் நிற்குமா? மேலும், இதே விளையாட்டில் டீட்ரா என்கிற துஷ்ட தெய்வங்களின் பொருள்கள் பதினைந்தைச் சேர்த்தால் ஆடுகிறவனுக்கு ஒரு விருது உண்டு. கதாயுதம், கத்தி, மோதிரம் என்று ஒவ்வொன்றும் ஓர் அக்கிரமத்தோடு வருகிறது. அவற்றை அவன் தன் வீட்டு அலமாரியில் வரிசையாக வைத்துக்கொள்கிறான். எந்தத் துறவியும் வந்து உலகம் தயாராக இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பதினைந்தில் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வைட்ரன் நகரத்து அரண்மனையின் அடித்தளத்தில் ஒரு கதவு பூட்டியே கிடக்கிறது. உள்ளே ஒரு கருவாள். பிசாசுத்தனமான ஆயுதம், உலை நெருப்பில் இட்டும் அதைச் சூடேற்றக்கூட முடியவில்லை, ஆகையால் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று உள்ளே ஓர் எச்சரிக்கைப் புஸ்தகம் இருக்கிறது. சாவி ராஜாவிடமும் ஆஸ்தான மந்திரவாதியிடமும் மட்டும். ரகசியச் சபை இல்லை, தீவு இல்லை. ஒரு வீடு, ஒரு பூட்டு, பயந்துபோன இரண்டு பெரியவர்கள்.

ராஜாவுக்கு நெல்கிர் என்று ஒரு சின்னப் பையன். மூன்று குழந்தைகளில் இளையவன். கொஞ்ச நாளாக அவன் நடத்தை சரியில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அப்பா வருத்தப்படுகிறார். பையன் தனியாகப் போய் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அவனுக்கு வீட்டு ரகசியங்களைச் சொல்லுகிறது: அப்பா மறைத்தவற்றை, அம்மாவைப் பற்றியவற்றை. பூட்டினார்கள், குரலைப் பூட்டவில்லை. பெரியவர்களுக்குக் கேட்காத குரல், வீட்டில் ஒட்டாமல் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கிறது. அந்த வாள் கூர்மை ஏற என்ன வேண்டும் தெரியுமா? தன்னை நம்புகிறவர்களை வெட்ட வேண்டும். எதிரிகளை அல்ல, சிநேகிதர்களை. ஸாவோஸ் ஆரனின் கதையும் இதுவும் ஒரே மண்ணில் முளைத்தவை.

மாக்னஸின் கண்ணைச் சுற்றிச் செலவழித்த ஒளியும் ஓசையும் எவ்வளவு! இந்தக் கதவுக்குச் செலவு ஒரு கட்டை, ஒரு குரல். ஆனால் இளைஞர்கள் என்னிடம் கதை இருக்கிறது என்று வாதாடினார்களே, அது இருக்கிற இடம் இதுதான் என்று நான் சொல்வேன். 2018ல் இதே வரிசையில் ‘ஸம்மர்ஸெட்’ என்ற பகுதி வந்தது. ஸ்கைரிமுக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தைய காலத்துக் கதை. அதில் ஆர்டேயம் தீவையே திறந்துவிட்டார்கள். ஆடுகிறவன் ஸைஜிக் சபையில் சேர்ந்துகொள்ளவும் செய்யலாம். ரகசியம் போய்விட்டது, ஆள் சேர்ந்தாயிற்று. அப்போதும் அந்தத் துறவிகள்மேல் எனக்கு ஒரு சுவாரஸ்யமும் பிறக்கவில்லை. நெல்கிர் இரண்டே தடவை பேசுகிறான். அவன் முகம் மறக்கவில்லை.

அவனையும் இவர்கள் முழுதாகக் கவனித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. நாயகன் சாவியைத் திருடிக் கதவைத் திறந்து வாளை எடுத்துக்கொண்டு போனதும் காரியம் முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை. பையன் மறுநாளும் அரண்மனையில் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருக்கிறான். அவனிடம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.