காண்டலும் கருதலும்: சதிக்கோட்பாட்டுப் புனைவுகள் இரண்டு

முன்னுரை

சதிக்கோட்பாடுகள் குறித்த உரையாடல்களில் அடிக்கடி இடம்பெறும் படைப்புகளுள் இரண்டு, உம்பர்த்தோ எக்கோவின் ‘ஃபூக்கோவின் ஊசல்’ (1988) என்னும் இத்தாலிய நாவலும், ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘ஜே.எஃப்.கே.’ (1991) என்னும் அமெரிக்கத் திரைப்படமும் ஆகும். இவை கூறும் சதி மெய்யா என்றே பெரும்பாலும் வினவப்படுகிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, காண்டல், கருதல் ஆகியவற்றைத் தனித்தனி அளவைகளாகச் சுட்டும். அவ்வேறுபாட்டை இப்படைப்புகள் எவ்வாறு கையாளுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புனைவின் தையல் தெரியும் நாவல்

மிலான் நகரப் பதிப்பகம் ஒன்றில் பணியாற்றும் மூவர், மறைஞான நூல்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துச் சலித்து, டெம்ப்ளர் வீரர்களை மையமாகக் கொண்ட ‘திட்டம்’ ஒன்றை விளையாட்டாகப் புனைகின்றனர். அதற்கு அடிப்படையான பழங்குறிப்பு வணிகர் ஒருவரின் சரக்குப் பட்டியலே என லியா என்னும் பாத்திரம் விளக்குகிறாள். ஒவ்வோர் இணைப்பும் வாசகர் கண்முன்னே உருவாவதால், அதன் ஈர்ப்பையும் பொய்ம்மையையும் அவர் ஒருங்கே உணர்கிறார். திட்டத்தை மெய்யென நம்பியோரிடம் சிக்கிப் பெல்போ உயிரிழக்கும்போது அவ்விளையாட்டின் விலையும் புலனாகிறது.

தையலை மறைக்கும் திரைப்படம்

கென்னடி கொலை தொடர்பாக, நியூ ஆர்லியன்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசன், கிளே ஷா என்பவர்மீது தொடுத்த வழக்கே திரைப்படத்தின் பொருள். அசல் செய்திப்படத் துண்டுகளும் நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட காட்சிகளும் இதில் வேறுபாடு தெரியாவண்ணம் விரைந்து தொகுக்கப்பட்டுள்ளன. ‘நிகழ்ந்திருக்கலாம்’ என உரையாடல் கூறுவதைக் காட்சி ‘நிகழ்ந்தது’ என்கிறது; கருதல் காண்டலாகிவிடுகிறது. 1969 மார்ச் 1 அன்று நடுவர் குழு ஒரு மணி நேரத்திற்குள் ஷாவைக் குற்றமற்றவர் என விடுவித்தது. திரைப்படம் இதனை மறைக்கவில்லை. எனினும் முன்னர்க் கண்ட காட்சிகளின் வலிமையைத் தீர்ப்பால் அழிக்க இயலவில்லை. 1974இல் மறைந்த ஷாவுக்கு மறுமொழி கூறும் வாய்ப்பும் இல்லை.

இத்திரைப்படம் எழுப்பிய விவாதம், கொலை தொடர்பான அரசு ஆவணங்களைத் திரட்டி வெளியிடும் சட்டம் 1992இல் இயற்றப்படத் தூண்டுகோலாயிற்று. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. ஆயினும், அரசின்மீதான ஐயத்திற்கு உள்ள நியாயம் தனிமனிதர் ஒருவர்மீதான பழிக்குச் சான்றாகாது.

முடிவுரை

ஐயுறுதல் இவ்விரு படைப்புகளுக்கும் பொது. எக்கோ தம் புனைவையும் ஐயுற வாசகரைப் பழக்குகிறார். ஸ்டோன் அரசை ஐயுறச் செய்து, தம் காட்சிகளை நம்புமாறு கோருகிறார். ஆகவே, இவ்வகைப் படைப்புகளை மதிப்பிடுவோர் சதியின் மெய்ம்மையோடு, கருதல் காண்டலாக மாறும் இடத்தையும் கண்டறிந்து கூறுதல் வேண்டும்.