கடனில் ஓடும் கரி வண்டி

ஓப்பன்டிடிடி என்ற கணினி ஆட்டத்தைத் திறந்த அடுத்த நிமிடமே நீங்கள் கடனாளி. ஆண்டு 1950. பச்சைப்பசேலென்று ஒரு வரைபடம், ஆங்காங்கே சிற்றூர்கள், கையில் 1 லட்சம் பவுண்டு. அந்த ஒரு லட்சமும் வங்கியுடையது. கேட்டால் 3 லட்சம் வரை தருவார்கள், வட்டி ஆண்டுக்கு 2 சதவீதம். பவுண்டு பிடிக்காவிட்டால் அமைப்புகளில் போய் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றிப் பார்த்தேன். கடன் தொகையின் நீளத்தைப் பார்த்ததும் பயந்துபோய்ப் பவுண்டுக்கே திரும்பிவிட்டேன்.

இந்த ஆட்டத்தின் மூல வடிவம், ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் எழுதி 1994இல் வெளிவந்த டிரான்ஸ்போர்ட் டைகூன். பெரும்பகுதி அசெம்பிளி மொழியில் ஒற்றை ஆளாக எழுதியது. பத்து ஆண்டு கழித்து, 2004இல், ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் அதன் டீலக்ஸ் பதிப்பைப் பிரித்துமேய்ந்து சி மொழியில் மறுபடி கட்டினார். (மியூடொரண்ட் இவர் செய்ததுதான், ஸ்பாட்டிஃபையின் தொடக்ககாலப் பொறியாளர்களிலும் ஒருவர்.) அதற்குப் பிறகு தன்னார்வலர்கள் கையில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை, விளம்பரம் இல்லை. 4 ஜிபி ரேம் உள்ள என் பழைய லேப்டாப்பில் விசிறிச் சத்தம்கூட எழாமல் ஓடியது.

வேலை என்னவோ எளிது. ஓரிடத்தில் இருக்கும் சரக்கை இன்னோர் இடத்தில் இறக்கினால் பணம். ரயில், லாரி, பஸ், கப்பல், விமானம் எதில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நான் முதலில் செய்த தப்பு, எல்லோரும் செய்வதுதான்: இரண்டு ஊருக்கு நடுவே பஸ் விட்டேன். கிட்டக்கிட்ட இருந்த ஊர்கள். பஸ் நிரம்பித்தான் போனது, வருமானம் டீசலுக்குக் காணவில்லை.

இங்கே கூலி மூன்று விஷயத்தைப் பொறுத்தது: எவ்வளவு சரக்கு, எவ்வளவு தூரம், எத்தனை நாள். தூரம் என்பது இரு நிலையங்களுக்கு இடையே கட்டம் எண்ணி வருவது. தண்டவாளத்தை வளைத்து நெளித்துப் போட்டால் ஒரு பைசா கூடாது, நாள்தான் வீணாகும். பயணிகள் கூலி முதல் நாளிலிருந்தே தேய ஆரம்பிக்கும். நிலக்கரிக்கு அந்த அவசரமில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனாலும் முழுக் கூலி. அதனால்தான் பழகியவர்கள் எல்லோரும் கரியில் தொடங்குகிறார்கள். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மின் நிலையத்தைத் தாண்டிக்கொண்டுபோய், வரைபடத்தின் மறுகோடியில் உள்ள மின் நிலையத்தில் கொட்டுவதுதான் லாபம். ஏன் இப்படி என்று கேட்க ஆளில்லை.

கடனை 3 லட்சத்துக்கு ஏற்றினேன். ஒரு நீராவி எஞ்சின், பின்னால் வேகன்கள், வேகனுக்கு 20 டன். முழுச்சுமை ஏறும்வரை நகராதே என்று கட்டளை கொடுத்தேன். வண்டி சுரங்கத்தில் காத்திருக்க, பணம் கரைய, ஒரு கட்டத்தில் கையிருப்பு ஆயிரங்களுக்கு வந்துவிட்டது. நிஜத் தொழிலில் மாதக்கடைசி என்பார்களே, அந்த வயிற்றுக் கலக்கத்தை இந்த ஆட்டம் அச்சு அசலாகத் தருகிறது. கணக்கில் பார்த்தால் லாபம் வரப்போகிறது. ஆனால் வண்டி இன்னும் போய்ச் சேரவில்லை, அதுவரை வண்டியின் ஓட்டச் செலவுக்கும் வட்டிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முதல் வண்டி இறக்கியதும் திரையில் ஒரு தொகை மேலெழும்பி மறைந்தது. கைதட்டிவிட்டேன்.

காத்திருக்கும் வண்டியால் ஓர் ஆதாயமும் உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் சதவீதத்தில் ஒரு மதிப்பெண் ஓடும். வண்டி எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு வேகமானது, எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்பதை வைத்து அது ஏறும், இறங்கும். வண்டி காத்து நின்றால் ஏறும், அது ஏற ஏற உங்களுக்குக் கிடைக்கும் சரக்கும் ஏறும். உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் நீங்கள் எடுத்துச் சென்றால் சுரங்கம் வளர வாய்ப்பு அதிகம். வளர்ந்தால் இன்னும் வண்டி வேண்டும். அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

பதினான்கு வண்டி விட்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி வருமானக் கோடு அப்படியே படுத்துவிட்டது. தேடிப் போனால், இரண்டு சுரங்கப் பாதைகள் கூடும் இடத்தில் எல்லா வண்டியும் நிற்கிறது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான பெரியப்பா காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, லைன் கிளியர் வாங்காமலே எல்லாத்தையும் உள்ள விட்டுட்டியா?"

"சிக்னல் எல்லாம் போட்டிருக்கேன் பெரியப்பா."

"போட்டது சரி. அந்த வண்டியோட வால் எங்க நிக்குது பாரு."

பார்த்தேன். சந்திப்பைத் தாண்டியதும் நாலு கட்டம் தள்ளி சிக்னல். என் வண்டி ஏழு கட்ட நீளம். தலை சிவப்பில் நிற்க, வால் சந்திப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஆட்டத்தில் உள்ள பாதை சிக்னல் கெட்டிக்காரத்தனமானது. வண்டி போகும் வழியை மட்டும் பதிவு செய்து, குறுக்கே வராத மற்ற வண்டிகளை விட்டுவிடும். 2009இல் 0.7 பதிப்போடு வந்தது. ஆனால் சிக்னலை எங்கே நடுவது என்ற புத்தி நம்முடையது. மூன்று கட்டம் தள்ளி நட்டதும் பூட்டு விட்டது. பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று தூங்கப் போனபோது மணி ஒன்றரை.

நகராட்சிகள் தனி ரகளை. தண்டவாளம் போட மரத்தை வெட்டினால் ஊருக்கு உங்கள் மேல் கோபம். கோபம் முற்றினால் நிலையம் கட்ட அனுமதி கிடையாது. பரிகாரம், ஊரைச் சுற்றி மரம் நடுவது. வெட்டியவரே நட்டால் மன்னித்துவிடுகிறார்கள். லஞ்சம் கொடுக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் பெயர் அடிமட்டத்துக்குப் போகும்.

குறை சொல்லத்தான் வேண்டும். இது வணிக ஆட்டம் என்றால் சந்தை எங்கே? மின் நிலையம் போதும் என்று ஒருநாளும் சொல்லாது. எவ்வளவு கரி கொட்டினாலும் விலை இறங்காது. பயணிகளுக்கும் போகும் ஊர் என்று ஒன்று கிடையாது. எந்த வண்டி வந்தாலும் ஏறிக்கொள்வார்கள். 2014இல் வந்த கார்கோடிஸ்ட் என்ற அமைப்பை இயக்கினால் ஒவ்வொருவருக்கும் ஒரு சேருமிடம் வந்துவிடும், ஆட்டமும் இரு மடங்கு கடினமாகும். ஆனால் அது தானாக இயங்காது, தேடிப் போய்த்தான் இயக்க வேண்டும். போட்டிக் கம்பெனிகளும் அப்படியே, தனியாகப் பதிவிறக்க வேண்டும். முதல் பத்து ஆண்டு பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த நான், அதன் பிறகு பண இருப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அங்கிருந்து இது கம்பெனி நடத்தும் ஆட்டமாக இல்லை, சந்திப்பு வரையும் ஆட்டமாகிவிடுகிறது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது. வியாபாரம் கற்கலாம் என்று வருபவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

தமிழிலும் ஆடலாம், மொழிப் பட்டியலில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. நடுநடுவே ஆங்கிலம் தலைநீட்டும்.

ஆட்டத்தில் ஓராண்டு ஓட ஏறக்குறைய 12 நிமிடம். என் கம்பெனி இப்போது 1974இல் நிற்கிறது, டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. வங்கிக் கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. 2 சதவீத வட்டிக்கு யார் அவசரப்பட்டு அடைப்பார்கள்?